கம்பியற்ற சொடுக்கி என்று ஒன்று இல்லை

ஹாலில் டிவியோடு இணைத்து வைத்த கணினிக்கு ஒயர் இல்லாத மவுஸ் வாங்கலாம் என்று ஒரு விற்பனைத் தளத்தைத் தமிழில் திறந்தால், ‘வாழ்க்கை அறைக் கணினிக்கு உகந்த கம்பியற்ற சொடுக்கி’ என்று வந்து நிற்கிறது. அதன் கீழே, ‘பிளக் அண்ட் பிளே’ என்பதற்கு ‘செருகி விளையாடலாம்’. இன்னும் கீழே ‘நானோ பெறுநர் உள்ளே’. பெட்டிக்குள் குட்டியாக ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் போலிருக்கிறது. மற்றதையெல்லாம் எந்திர மொழிபெயர்ப்பின் கைங்கரியம் என்று தள்ளிவிடலாம். சொடுக்கியை அப்படித் தள்ள முடியவில்லை. அதை உண்டாக்கியவர்கள் மனிதர்கள். உட்கார்ந்து யோசித்து, வாதாடி, நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து வைத்த சொல். அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பிறப்புக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். 1964-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலிஷ் செய்து கொடுத்த சின்ன மரப்பெட்டி அது. அடியில் இரண்டு சக்கரங்கள், மேலே ஒரு பொத்தான், வால் மாதிரி ஒரு ஒயர். வாலைப் பார்த்து எலி என்று யாரோ சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது. 1970-இல் கிடைத்த காப்புரிமையில் ‘காட்சித்திரைக்கான எக்ஸ்-ஒய் இடங்காட்டி’ என்ற பொருளில்தான் பெயர் இருக்கிறது. செல்லப்பெயர் எலி, பதிவேட்டுப் பெயர் இடங்காட்டி. இந்த இரண்டாவது பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலகத்தில் பெரும்பாலோர் செல்லப்பெயரைத்தான் மொழிபெயர்த்தார்கள். பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் அது எலிதான். ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனம் 1968-இலேயே தனியாக ஒன்றைச் செய்து ‘உருள்பந்து’ என்று பொருள்படப் பெயரும் வைத்திருந்தது. இன்று அவர்களும் எலி என்றே சொல்கிறார்கள். சீனர்கள் எலியையும் குறியையும் சேர்த்து ஒரு சொல் செய்தார்கள். நம்மிலும் சிலர் அதே வழியில் ‘சுட்டெலி’ என்று முயன்றார்கள். சுண்டெலியை நினைவூட்டும் கெட்டிக்காரச் சொல்தான். ஆனால் வாய்விட்டுச் சொன்னால் அடுப்பில் வாட்டிய எலி என்றல்லவா காதில் விழுகிறது! அது எழுந்திருக்கவே இல்லை. வடமொழி மூஷிகமும் ஆங்கில மவுஸும் ஒரே வேரில் கிளைத்தவை என்று காட்டி மூஷிகத்தைக் கூப்பிடுகிறவரும் உண்டு. அதைப் பிள்ளையாருக்கே விட்டுவிடலாம்.

இப்போது சொடுக்கி. சொடுக்கு என்பது நல்ல தமிழ். கட்டை விரலும் நடுவிரலும் உரசி எழுப்பும் ஓசை. சென்னைப் பேச்சில் சொடக்கு. சொடக்குப் போட்டு ஒருவரைக் கூப்பிட்டால் சண்டைக்கு வருவார். சாட்டையையும் சொடுக்குவோம். மவுஸ் பொத்தானை அழுத்தும்போது வருகிற ‘டிக்’ ஓசைக்கு இந்தச் சொல்லைப் பிடித்துப் போட்டவரை நான் மெச்சுவேன். ‘இங்கே சொடுக்கவும்’ என்பதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஓசையும் செயலும் ஒன்றாக வந்துவிட்டன.

சிக்கல், அந்தச் செயலுக்குப் பின்னால் ஓர் ‘இ’ சேர்த்துக் கருவிக்கே பெயராக ஏற்றியதில். தமிழில் அந்த ‘இ’ சும்மா வந்து உட்காராது. வடிகட்டி வடிகட்டும், ஒலிபெருக்கி ஒலியைப் பெருக்கும், மின்விசிறி விசிறும். அப்படியானால் சொடுக்கி சொடுக்க வேண்டும். இங்கே சொடுக்குவது யார்? நம் விரல். மவுஸ் சொடுக்கப்படுவது. சரி, இலக்கணத்தில் இவ்வளவு கறார் வேண்டாம், ஓசை அதிலிருந்துதானே வருகிறது என்பீர்கள். வரட்டும். ஓசை அதிலிருந்து மட்டுமா வருகிறது? விசைப்பலகை டிக்கென்கிறது, டிவி ரிமோட் டிக்கென்கிறது, பேனா மூடிகூட டிக்கென்கிறது. மவுஸை மவுஸாக்குவது மேசைமேல் அது நகர்ந்து, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தேன் என்று கணினிக்குச் சொல்வது. எங்கல்பார்ட்டின் காப்புரிமை இடங்காட்டி என்றதும் அதனால்தான். பொத்தான் உடைந்துபோன மவுஸ் பாதி மவுஸ். நகர்வை உணராத மவுஸ் வெறும் டப்பா.

இன்னொன்றையும் பாருங்கள். கடைகளில் இப்போது ஓசை எழுப்பாத மவுஸ் தனி வகையாகவே விற்கிறார்கள். உள்ளே இருக்கும் விசையை மென்மையானதாக மாற்றியிருப்பார்கள். ஹாலுக்கு நான் யாருக்கும் முதலில் சொல்வது அதைத்தான். ராத்திரி படம் பார்க்கும்போது பக்கத்தில் குழந்தை தூங்கும், டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதைத் தமிழில் எப்படி எழுதுவார்கள்? ‘ஓசையற்ற சொடுக்கி’. சொடுக்கு என்பதே ஓசைதானே ஐயா! ஊமைப் பாடகர் என்று சுவரொட்டி அடிப்பது போல. தான் பெயர் சூட்டிய பொருளின் ஒரு நல்ல வகையைச் சொல்லும்போதே ஒரு சொல் தலைகுப்புற விழுகிறது என்றால், அது தொடக்கத்திலேயே தப்பான இடத்தைப் பிடித்திருக்கிறது.

சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு வேறு இரண்டு வகையும் உண்டு. ஒன்று, கருவி அசையாமல் இருக்க, மேலே பதிந்த பந்தைக் கட்டை விரலால் உருட்டுவது. டீப்பாயும் வேண்டாம், சோபாக் கைப்பிடியே போதும். இன்னொன்று, கையில் பிடித்துக் காற்றில் ஆட்டினால் உள்ளே இருக்கும் உணரி அசைவைக் கண்டு அம்புக்குறியை நகர்த்துவது. இதை ஒரு தளம் ‘காற்று எலி’ என்கிறது. இரண்டையும் ‘சுட்டி’ என்றால் பொருந்துகிறது. இரண்டும் சுட்டத்தானே செய்கின்றன? சொடுக்கி என்று சொல்லிப் பாருங்கள். அந்த இரண்டின் தனிச்சிறப்பில் ஒரு துளியும் அதில் ஒட்டாது.

ஆக, சுட்டி. சுட்டுவிரல், சுட்டெழுத்து என்று பள்ளியிலேயே பழகிய வேர். தமிழ்நாட்டுப் பாடநூலிலும் இலங்கைப் பாடநூலிலும் இதுதான் இருக்கிறது. கடலுக்கு இரு புறமும் ஒத்துப்போன கணினிச் சொற்கள் அதிகமில்லை, கிடைத்ததைக் கெடுக்காமலாவது இருக்கலாம். சொடுக்கிக் கட்சியின் ஒரே வலுவான வாதம், சுட்டிக்கு ஏற்கெனவே வேறு பொருள்கள் இருக்கின்றன என்பது. இணையப் பக்கத்தின் இணைப்பையும் சுட்டி என்கிறார்கள், திரையில் ஓடும் அம்பையும் சுட்டி என்கிறார்கள், ‘கீழுள்ள சுட்டியைச் சொடுக்கவும்’ என்றால் மவுஸா, முகவரியா? நியாயமான கேள்வி. பதிலும் எளிது. முன்னதற்கு இணைப்பு என்ற சொல் இருக்கிறது, எல்லோருக்கும் புரிகிறது. பின்னதை எந்தக் குழந்தையும் அம்புக்குறி என்றே சொல்கிறது. இரண்டையும் அவற்றின் பெயரால் அழைத்துவிட்டால் சுட்டி காலியாகிவிடும். நெற்றிச்சுட்டியும் சுட்டிப்பயலும் இத்தனை காலம் அடிதடி இல்லாமல் ஒரே சொல்லில் குடியிருக்கவில்லையா? மவுஸ் என்றே சொன்னாலும் தப்பிக்க முடியாது. ‘அந்த நடிகருக்கு இன்னும் மவுசு குறையலை’ என்கிறோமே.

அடுத்து ‘கம்பியற்ற’. இங்கே இரண்டு தவறு, ஒன்று பெரியது. அற்ற என்பது அறு என்பதிலிருந்து வருவது. அறுந்துபோன, இழந்த என்ற நிழல் அதில் பெரும்பாலும் உண்டு. ஆதரவற்ற, பயனற்ற, பண்பற்ற என்று எத்தனை அற்றதைச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்க வேண்டியது இல்லாமல் போனதாகத்தான் இருக்கும். இல்லையென்றால் குற்றமற்ற, மாசற்ற மாதிரி, கெட்டது ஒழிந்ததாக இருக்கும். ஒயர் இந்த இரண்டு வரிசையிலும் இல்லை. அது நல்லதும் இல்லை, குற்றமும் இல்லை. வெறுமனே வைக்கப்படவில்லை. அதைச் சொல்லத் தமிழில் அலட்டாத ஒரு சொல் இருக்கிறது: இல்லா. கம்பியற்ற மவுஸ் என்றால் எலி கடித்து வால் அறுந்த மவுஸ் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சின்னத் தவறு கம்பியில். சென்னையில் கம்பி என்றால் என்ன? கட்டடத்துக்குக் கட்டுவது கம்பி, ஜன்னலில் இருப்பது கம்பி, பஸ்ஸில் பிடித்துக்கொள்வது கம்பி, உள்ளே போனவர் எண்ணுவது கம்பி. கடன் வாங்கியவர் நீட்டுவதும் அதுதான். எல்லாம் விறைப்பான இரும்பு. மேலே உறை போட்டு வளைந்து நெளிவது ஒயர். பிளாஸ்டிக்கில் பின்னும் கூடையையே ஒயர் கூடை என்கிறோம், அதில் உலோகமே கிடையாது. தந்திக் காலத்தில் கம்பம் கம்பமாக இழுத்துக் கட்டியிருந்தது வெறும் இரும்புக் கம்பி. அதனால் மார்க்கோனியின் கண்டுபிடிப்பைக் ‘கம்பியில்லாத் தந்தி’ என்று எழுதினார்கள், சரியாகவே எழுதினார்கள். 1924-இல் சென்னையில் வானொலி மன்றம் தொடங்கியபோதும் அந்தச் சொல் உயிரோடுதான் இருந்திருக்கும். தந்தி 2013-இல் நின்றுவிட்டது. ‘கம்பியில்லா’ மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. துல்லியம் பார்த்தால் ஒயரில்லா என்பதே சரி. ஆனால் ஒரு நூற்றாண்டுப் புழக்கம் உள்ள சொல்லைத் துல்லியத்துக்காகத் தூக்கியெறிய எனக்கு மனம் வரவில்லை. எழுத்தில் கம்பியில்லா, பேச்சில் ஒயர் இல்லாத. போதும். ‘வடமில்லா’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வடம் தேருக்கானது.

எழுதும்போது கம்பியில்லாச் சுட்டி என்று ‘ச்’ போடுங்கள். ஓடாக் குதிரை, கம்பியில்லாச் சுட்டி. பெட்டிகளில் இந்த ஒற்றைப் போடுவதே கிடையாது. ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். எலி என்ற பெயர் வந்ததே வாலைப் பார்த்து. வால் போன பிறகும் எலி என்கிறார்கள். தமிழிலோ குறும்புக்காரப் பிள்ளையைச் சுட்டி என்றும் சொல்கிறோம், வாலு என்றும் சொல்கிறோம். ‘வாலில்லாச் சுட்டி’ என்று வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! யாரும் கேட்க மாட்டார்கள், தெரியும்.

‘வாழ்க்கை அறை’ பற்றி நீட்ட வேண்டியதில்லை. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில் அது கூடம். இப்போதைய அடுக்கங்களில் ஹால். ரெண்டு பி.எச்.கே. என்று விளம்பரம் போடுகிறார்களே, அந்த எச் என்ன? வாழ்க்கை அறை என்றால் மற்ற அறைகளில் என்ன செய்கிறோமாம்? இப்படி எழுதுகிறவர்கள் எழுதியதை ஒரு முறை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினால் போதும், பாதித் தவறு அங்கேயே விழுந்துவிடும். படிப்பதில்லை. சொல்லுக்கு இவ்வளவு காசு என்று எண்ணிக் கொடுக்கிற வேலையில் படிக்க நேரமும் இருக்காது.

கடைசியாகப் பெறுநர். விடுமுறைக் கடிதத்தில் அனுப்புநர், பெறுநர் என்று எழுதியிருப்போம். மாநகரப் பேருந்தில் ஓட்டுநர், நடத்துநர். ‘நர்’ வந்தால் ஆள். சுட்டியோடு வருகிற நகத்தளவு யூ.எஸ்.பி. துண்டு ஆளில்லை. ஒலிவாங்கி மாதிரி அலைவாங்கி எனலாம். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் போய் அலைவாங்கி என்று கேட்காதீர்கள், டாங்கிள் என்றே கேளுங்கள். கேட்க வேண்டியதும் இருக்கிறது, ஏனென்றால் ‘கம்பியில்லா’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வகை ஒளிந்திருக்கின்றன. டாங்கிளோடு வருவது ஒன்று, புளூடூத்தில் இணைவது இன்னொன்று. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில்தான் பேசுகின்றன, வைஃபையில் ஒரு பகுதியும் அங்கேதான். டாங்கிள் வகை செருகியதும் வேலை செய்யும். ஆனால் டிவிக்குப் பின்னால் இருக்கும் கணினியின் பின்புறத்தில், அதுவும் யூ.எஸ்.பி. 3.0 துளைக்குப் பக்கத்தில் செருகினால், சோபாவிலிருந்து அம்புக்குறி திக்கித் திக்கி நகரும். அந்தத் துளைகளும் ஒயர்களும் எழுப்பும் இரைச்சல் 2.4-லும் வந்து விழுகிறது. ஒரு முழம் நீட்டிப்பு ஒயர் வாங்கி டாங்கிளை டிவிக்கு முன்னால் கொண்டுவந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். புளூடூத் வகைக்குத் துளை வேண்டாம். ஆனால் கணினி முழுதாக எழும்வரை பல நேரம் அது அசையாது. அப்புறம், டீப்பாய் கண்ணாடி என்றால் சாதாரண ஒளிச் சுட்டி (ஆப்டிகல் மவுஸ்) வழுக்கும், கண்ணாடியிலும் ஓடும் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

புளூடூத்தை ‘நீலப்பல்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டின் பட்டப்பெயர். ஆள் பெயரை மொழிபெயர்க்க ஆரம்பித்தால் எங்கே போய் முடியும்? டாங்கிளுக்கு அலைவாங்கியை விடப் பொருத்தமான, கடையில் சொன்னாலும் சிரிக்காத ஒரு சொல் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். சொடுக்கி என்று மட்டும் தொடங்காமல் இருந்தால் சரி.