மழைக்காலப் பையை டிக்கியில் பூட்டி வைக்காதீர்கள்

வடசென்னை வியாசர்பாடியில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் ஷெட்டுக்கு வரும் வண்டிகளின் வியாதியே மாறிவிடும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்த பிறகு, உள்ளே இடமில்லாமல் தெருவோரத்தில் நிறுத்தி வேலை பார்த்தோம். அதில் ஒரு வண்டியை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த வண்டிக்காரர் ரொம்ப முன்யோசனை உள்ளவர். இழுக்கும் கயிறு, டார்ச், ரெயின்கோட், பேட்டரி இறங்கினால் இன்னொரு வண்டியிலிருந்து கரண்ட் எடுக்கும் ஜம்பர் கேபிள் எல்லாம் ஒரே பையில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். பை இருந்தது டிக்கியில். மூலக்கடை பக்கம் முழங்கால் தண்ணீரில் வண்டி நின்றதும் வண்டிக்குள் கரண்ட் போய்விட்டது. அந்த டிக்கி பட்டனை அழுத்தித் திறக்கும் வகை, திறக்கவில்லை. இருட்டு, பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள், போனில் சார்ஜ் இல்லை. தெருக்காரர்கள்தான் வந்து பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். "பார்த்துப் பார்த்து வாங்கி வெச்சேன் அண்ணே, கைக்கு வரலையே" என்றார்.

அன்றிலிருந்து என்னிடம் சர்வீஸுக்கு வரும் எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொல்கிறேன். பை ஒன்றல்ல, இரண்டு வேண்டும். உயிருக்கானது சீட்டிலிருந்தே கைக்கெட்ட வேண்டும். வண்டிக்கானது டிக்கியில் இருக்கட்டும்.

கைக்கெட்டும் பை சின்னதுதான். கண்ணாடி உடைக்கும் சுத்தியல், அதிலேயே சீட் பெல்ட் அறுக்கும் பிளேடும் இருக்கும். டிரைவர் சீட் பக்கமே மாட்டிவையுங்கள். தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்த உடனே முதல் வேலையாக ஜன்னலை இறக்கிவிடுங்கள், பவர் விண்டோ கொஞ்ச நேரம் வேலை செய்யும். அது கைவிட்டால்தான் சுத்தியல். முன்பக்கப் பெரிய கண்ணாடியில் அடிக்காதீர்கள். அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் ஒட்டியது, விரிசல் விடுமே தவிர வழிவிடாது. பக்கக் கண்ணாடியின் நடுவில் அடிக்காமல் மூலையில் அடியுங்கள். சில புது வண்டிகளில் பக்கக் கண்ணாடியும் தாள் ஒட்டியதாகவே வருகிறது. உங்கள் வண்டியில் எந்தக் கண்ணாடி எப்படி என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஹெட்ரெஸ்ட்டை உருவி உடைக்கலாம் என்று வீடியோ போடுகிறார்கள். அது அதற்காகச் செய்தது இல்லை, அதை நம்பி இருக்க வேண்டாம்.

அப்புறம் டார்ச், சார்ஜ் போட்ட பவர் பேங்க், தண்ணீர், பிஸ்கட், வீட்டில் யாருக்காவது தினமும் மாத்திரை உண்டென்றால் ஒரு நாளைக்கானது. குடை வேண்டாம், ரெயின்கோட் வையுங்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டும். ஒரு துண்டுத் தாளில் 112, 108, மாநகராட்சியின் 1913, வீட்டு நம்பர் எல்லாம் எழுதி பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். போன் அணைந்துவிட்டால் இன்று எத்தனை பேருக்கு மனைவியின் நம்பர் மனப்பாடமாகத் தெரியும்?

இனி, எந்தப் பையிலும் வைக்க முடியாத ஒன்று. தண்ணீரில் வண்டி ஆஃப் ஆனால் மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கமிருந்து எனக்கு வந்து சேர்ந்த வண்டிகளில், பெரிய செலவு வைத்தவை எல்லாம் இரண்டாவது தடவை செல்ஃப் அடித்தவைதான். காற்று போகிற வழியில் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். காற்றை பிஸ்டன் அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த அழுத்தம் முழுக்க பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடில் இறங்கும், ராடு வளையும். தள்ளிக்கொண்டு வந்திருந்தால் ஏர் ஃபில்டர், ஆயில் மாற்றி, சிலிண்டரில் இருக்கும் தண்ணீரை வெளியேற்றி, பல வண்டிகளை அப்படியே ஓட்டிப் போயிருக்கலாம். ராடு வளைந்தால் என்ஜினையே இறக்க வேண்டும். சாதாரண இன்சூரன்ஸில் பெரும்பாலும் இதற்குப் பணம் வராது. 'என்ஜின் புரொடெக்ட்' என்று தனியாகச் சேர்த்திருக்கிறீர்களா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள். சிக்னலில் தானாக அணைந்து தானாக ஸ்டார்ட் ஆகும் வசதி உங்கள் வண்டியில் இருந்தால், மழையில் கிளம்பும்போதே அந்த பட்டனை ஆஃப் செய்துவிடுங்கள். நீங்கள் செய்ய வேண்டாம் என்று நினைத்ததை வண்டி தானே செய்துவிடும்.

சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் ஆழம் பார்க்க இறங்கவே வேண்டாம், சுற்றிப் போங்கள். ஓடுகிற தண்ணீர் ஓர் அடி இருந்தாலே சின்ன காரை மிதக்க வைத்துவிடும்.

எங்கள் பக்கத்துக்கென்று இன்னொரு ஆபத்து உண்டு. மணலி, எண்ணூர் சாலைகளில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள். தண்ணீர் தேங்கிய ரோட்டில் டிரெய்லர் ஒன்று பக்கத்தில் போனால் எழும்பும் அலை சின்ன காரின் பானட் வரைக்கும் ஏறும். நீங்கள் ஒழுங்காக முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள், அந்த ஒரு அலையில் வண்டி அணைந்துவிடும். டிரெய்லர் கடந்து தண்ணீர் அடங்கும்வரை மேடான ஓரமாக நின்றுவிடுங்கள். இருட்டில் அந்த ரோட்டில் நின்றுபோன காரை உயரத்திலிருந்து ஓட்டும் டிரைவர் கடைசி நேரத்தில்தான் பார்ப்பார். அதனால் வெளிச்சம் பட்டால் மினுங்கும் ஜாக்கெட் ஒன்றையும் கைக்கெட்டும் பையில் வையுங்கள். அதை மாட்டிக்கொண்டு இறங்குங்கள், எல்லோரையும் ரோட்டைவிட்டு ஓரத்துக்கு அனுப்புங்கள், முடிந்தால் சிவப்பு முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள்.

சைலன்ஸர் தண்ணீருக்குள் இருக்கும்போது ஏசி போட்டுக்கொண்டு கண்ணாடியை ஏற்றி உள்ளே உட்கார்ந்திருப்பது மிக ஆபத்து. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூங்குவது போலவே ஆள் போய்விடுவார்.

டிக்கிப் பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கயிறு, ஜம்பர் கேபிள், காற்றடிக்கும் சின்ன பம்ப், கொஞ்சம் ஃப்யூஸ். சேற்றில் ஜாக்கி புதைந்து போகும், அதனால் அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு. ரப்பர் கையுறையும் வையுங்கள். மிக்ஜாம் சமயத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோது, அந்தப் பக்கத்திலிருந்து வந்த வண்டிகளின் கதவில் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. வெறுங்கையோடு தொட்ட என் பையன்களுக்குக் கையெல்லாம் எரிச்சல். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். பத்து வண்டி வந்தால் பாதியில் அது சப்பையாகத்தான் இருக்கிறது.

கயிறு வாங்கியவர்களில் பலருக்கு அதை எங்கே மாட்டுவது என்று தெரிவதில்லை. பம்பரில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைப் பெயர்த்தால் மரை தெரியும். டூல்ஸ் பையில் இருக்கும் இரும்புக் கொக்கியை அதில் திருக வேண்டும். பல வண்டிகளில் இது இடது மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் ஏறும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியையும் எலக்ட்ரிக் காரையும் கயிறு கட்டி இழுக்க வேண்டாம், மேலே ஏற்றிப் போகும் வண்டியைக் கூப்பிடுங்கள். மற்றவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் இருக்கும்போதே வீட்டு வாசலில் அந்தக் கொக்கியை ஒரு தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். பத்து நிமிஷம் ஆகும். வரவில்லை என்றால் வண்டியை என்னிடம் கொண்டுவாருங்கள், காட்டித் தருகிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.