பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு முன், ஒன்பதாம் வகுப்பில் பார்க்க வேண்டியது

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் ஊரே கேட்பது ஒன்றுதான்: "எத்தனை பர்சன்ட் சார்?" நூறு என்றால் பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ். குறைந்தால் பாடவாரியாக விளக்கம் எழுத வேண்டும். பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதைத் தமிழ்நாட்டில் 2017-லேயே நிறுத்திவிட்டார்கள், நல்ல காரியம். ஆனால் ரேங்க் போன இடத்தில் தேர்ச்சி சதவீதம் வந்து உட்கார்ந்துகொண்டது. கணக்கு ஆசிரியராகச் சொல்கிறேன், பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பது அந்த எண்ணில் தெரியாது.

கணக்குத் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 100, பாஸுக்கு 35. ஒரு மார்க் கேள்விகள் 14. வடிவியலும் வரைபடமும் தலா 8, ஆக 16. இவை மட்டுமே 30 வந்துவிடும். இன்னும் மூன்று இரண்டு மார்க் கேள்விகள் சரியாக எழுதினால் கரை சேர்ந்துவிடலாம். அதனால்தான் அரையாண்டு முடிந்ததும் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் உள்ள பிள்ளைகளுக்கு இதையே காலையும் மாலையும் போட்டுப் பழக்குகிறோம். அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஃபெயில் ஆகி மனமொடிந்து கூலி வேலைக்குப் போவதைவிட, பாஸாகி ஐடிஐயிலோ பதினொன்றாம் வகுப்பிலோ சேர்வது எவ்வளவோ மேல்.

சிக்கல் அதற்கு அடுத்து வருகிறது. மூன்று செ.மீ ஆரத்தில் வட்டம், மையத்திலிருந்து எட்டு செ.மீ தூரத்தில் ஒரு புள்ளி, அங்கிருந்து தொடுகோடு வரைய வேண்டும். பழக்கிய பிள்ளை காம்பஸைப் பிடித்து அச்சடித்த மாதிரி வரைந்துவிடுவான். அளந்து 7.4 செ.மீ என்று எழுதுவான். "ஆரம் ஐந்து, தூரம் பதின்மூன்று. வரையாமலேயே தொடுகோட்டின் நீளத்தைச் சொல்லு" என்றால் விழிப்பான். ஆரமும் தொடுகோடும் செங்கோணத்தில் சந்திப்பது அவனுக்குத் தெரியாது. பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் பன்னிரண்டு என்று வந்துவிடும் என்பதும் தெரியாது. அவன் கை கற்றுக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். பாலிடெக்னிக் முதல் செமஸ்டரில் கணக்குப் பேப்பர் அரியராகத் தேங்கி, அப்புறம் படிப்பையே விட்டுவிட்டு வருபவர்களில் இப்படிப் பாஸானவர்கள் இருக்கிறார்கள்.

இதைப் பத்தாம் வகுப்பு ஜனவரியில் சரிசெய்ய முடியாது. ஒன்பதாம் வகுப்பு ஜூனிலேயே பார்த்துவிட வேண்டும். நான் முதல் வாரத்தில் புத்தகத்தைத் திறப்பதில்லை. 612-ஐ ஆறால் வகுக்கச் சொல்வேன். 12 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வருடமும் இருக்கிறார்கள். ஈவில் நடுவில் வர வேண்டிய பூச்சியம் விழுந்துவிடும். விடை 102 என்பது தெரியாமலேயே ஒன்பது வரை வந்துவிட்டார்கள். பத்தாம் வகுப்பில் பல்லுறுப்புக்கோவையின் வர்க்கமூலத்தை வகுத்தல் முறையில் காணும்போது இந்தப் பிள்ளை எங்கே நிற்கும்?

இன்னொன்று, கணக்கு வராது என்று எல்லோரும் முடிவுகட்டிய பிள்ளைக்குச் சில நேரம் வாசிப்புதான் வராது. "அசைவற்ற நீரில் மணிக்கு 18 கி.மீ வேகத்தில் செல்லும் படகு" என்று தொடங்கும் கணக்கை ஒரு மாணவி எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்துவிடுகிறது. நான் வாய்விட்டு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். "ஆத்தோட போனா வேகம் கூடும், எதிர்த்துப் போனா குறையும், அதானே சார்?" என்று கேட்டுவிட்டு 18+x, 18-x என்று அவளே எழுதினாள். அவளுக்கு வேண்டியிருந்தது தமிழ் வாசிப்புப் பயிற்சி.

எட்டாம் வகுப்பு வரை ஆல் பாஸ் என்பதால்தான் இப்படி என்று பலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைத்தால் வகுத்தல் தானாக வந்துவிடாது, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது மூன்றாம் வகுப்பில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். கடன் வாங்கிக் கழித்தலும் வகுத்தலும் உறுதிப்பட வேண்டிய வயதை வீட்டிலேயே கழித்தார்கள். 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு வாசிப்பும் கணக்கும் உறுதிப்படுத்தும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். 2025-இல் ஆறு முதல் ஒன்பது வரைக்குமான 'திறன்' திட்டம் வந்தது. அதில் பெயர் இருந்தால் "என் பிள்ளை மக்கா?" என்று பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். விட்டுப்போனதைப் பிடிப்பதற்கான வாய்ப்பு அது.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் ரேங்க் கேட்காதீர்கள். ஜூனில் எங்கே இருந்தான், இப்போது எங்கே இருக்கிறான் என்று கேளுங்கள். காலாண்டு, அரையாண்டு விடைத்தாள்களை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்க் 22-லிருந்து 31 ஆகியிருந்தால், அது ஃபெயில்தான் என்றாலும், அந்தப் பிள்ளை உழைத்திருக்கிறது. வீட்டில் ஒரு பத்தி செய்தித்தாளை வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் திக்குவது காதில் விழும். காலையில் சாப்பிட்டு வருகிறதா என்பதையும் பாருங்கள். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. உயர்நிலை வகுப்புப் பிள்ளைக்கு மதியச் சத்துணவுதான், முதல் இரண்டு பீரியடும் வெறும் வயிற்றில் ஓடும்.

"இவன் பாஸாக மாட்டான், டிசி வாங்கிக்கொண்டு தனித்தேர்வராக எழுதட்டும்" என்று எங்காவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். நாற்பது பேரில் இரண்டு பேரை வெளியே அனுப்பினால் சதவீதம் ஏறும், பிள்ளையின் படிப்பு போய்விடும்.

எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் எழுத்துகள் மாறி மாறி விழுந்தால், பேச்சில் கெட்டிக்காரப் பிள்ளை வாசிப்பில் மட்டும் தடுமாறினால், டிஸ்லெக்சியாவா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்லச் சொல்ல எழுத ஒருவர் என்று சலுகைகள் உண்டு. தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடி வந்தால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்பதாம் வகுப்பிலேயே வாருங்கள்.