"இப்ப அடங்கிடுச்சுங்க டாக்டர்"

பெருந்துறைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் பெட்டை மயில் ஒன்றைச் சாக்கில் போட்டு பைக்கில் கொண்டுவந்தார். வேலி வலையில் சிக்கியிருந்ததாம். வலையை அறுத்துவிட்டதும் ஓடியிருக்கிறது. அடிபட்டிருக்குமோ என்று நாலு பேர் சேர்ந்து, வெயிலில் அரைமணி நேரம் துரத்திப் பிடித்திருக்கிறார்கள். "மொதல்ல ரொம்பத் துள்ளுச்சுங்க, இப்ப அடங்கிடுச்சுங்க டாக்டர்" என்றார்.

உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் மயிலால் எழுந்து நிற்க முடியவில்லை. மூன்றாம் நாள் செத்துப்போனது.

"காயமே இல்லீங்களே, அப்புறம் எப்படிங்க?" என்று அவர் கலங்கிப்போய்க் கேட்டார். துரத்தியதுதான் காரணம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. உயிர்ப் பயத்தில் ஓடும்போது தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்ந்து தசை இழைகள் சிதைகின்றன. சிதைந்த தசையின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. இதயத் தசையும் தப்புவதில்லை. கேப்சர் மயோபதி என்பது இதுதான். சில மணி நேரமோ, சில நாளோ கழித்துத்தான் வெளியே தெரியும். தெரிந்தபின் எங்களால் செய்ய முடிவது மிகக் குறைவு. நீண்ட கால் பறவைகளுக்கு இது அதிகம் வரும்.

கையில் அசையாமல் இருக்கும் காட்டுப் பறவை அடங்கிவிடவில்லை. பயத்தில் உறைந்திருக்கிறது. தடவிக்கொடுத்தால் நாய்க்குட்டிக்கு ஆறுதல். ஆந்தைக்கோ, தன்னைப் பிடித்த விலங்கு இன்னும் விடவில்லை என்றுதான் தெரியும். அலகைத் திறந்து மூச்சு வாங்கினால், சிகிச்சையின் நடுவில்கூட நான் நிறுத்திவிட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். எக்ஸ்ரே பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, நெஞ்சை இறுக்கிப் பிடிக்காதீர்கள். மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் என்ற தசை, நம்மைப் போலப் பறவைக்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. அலகில் தண்ணீரும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது.

ஓடவோ பறக்கவோ முடிந்த பறவையைத் துரத்தாமல் விட்டுவிடுங்கள். முடியாமல் கிடந்தால் தலையோடு சேர்த்து ஒரு துண்டைப் போர்த்தி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, வனத்துறைக்குச் சொல்லுங்கள். பெட்டி நிழலில் இருக்கட்டும். குழந்தைகள் ஆசையாகக் கேட்டாலும், போட்டோ எடுக்கவென்றாலும், வனத்துறையினர் வரும்வரை திறக்காதீர்கள்.