அசல் வைரம்தான், அதனால்தான் உடைந்தது

போன வாரம் ஒரு அம்மா கைக்குட்டையைப் பிரித்து என் நகைப் பட்டறை மேசையில் வைத்தார். மாமியார் கொடுத்த துளி வடிவ வைரப் பதக்கம். வருஷத்துக்கு ஒரு கல்யாணத்துக்குத்தான் லாக்கரை விட்டு வெளியே வரும். முந்தானையில் ஊக்கு போட்டுக் குத்தியிருக்கிறார். மண்டபத்தின் கிரானைட் தரையில் விழுந்து, துளியின் கூர் முனை போய்விட்டது. “ஏமாத்திட்டாங்க சார், அசல் வைரம் எப்படி உடையும்?” என்றார். இந்த முகூர்த்த சீசனில் இதே கேள்வி எனக்கு நான்காவது முறை.

லூப், அதாவது கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி, வைத்துப் பார்த்தேன். சில்லு தெறித்த இடம் படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. கண்ணாடியாக இருந்தால் கிளிஞ்சல் போல வளைந்து தெறித்திருக்கும். மற்ற சோதனைகளும் செய்துவிட்டேன். அசல்தான், அம்மா.

வைரம் கடினமானது என்றால் அதன் மேல் கீறல் விழாது என்று அர்த்தம். மோஸ் அளவில் 10 என்பது கீறலுக்கான மதிப்பெண். அடி தாங்குவதற்கு அல்ல. விறகில் நார் ஓடும் திசையில் கோடாலி சட்டென்று இறங்குமே, அதுபோல வைரத்துக்குள்ளும் நான்கு திசைகளில் பிளவுத் தளங்கள் உண்டு. அந்தத் திசையில் அடி பட்டால் முடிந்தது. அடி தாங்குவதில் பச்சை நிறத்தில் விற்கும் ஜேடு கல் வைரத்தைவிட உசத்தி. சுத்தியலால் தட்டி அசலா என்று பார்க்கச் சொல்லும் மச்சான்மார்களே, தயவுசெய்து வேறு வேலை பாருங்கள்.

நம்பாதவர்களுக்கு இங்கிலாந்தின் எலிசபெத் ராணியின் புரூச்சை, அதாவது சட்டையில் குத்தும் நகையை, சொல்வேன். அதன் கற்கள் ஒரு பெரிய வைரத்திலிருந்து வந்தவை. 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த கல்லினன் வைரம் 3,106 காரட், அரைக் கிலோவுக்கு மேல். 1908இல் ஆம்ஸ்டர்டாமில் யோசப் ஆஷர் அதில் ஒரு பள்ளம் வெட்டி, எஃகுக் கத்தியை வைத்துத் தட்டினார். முதல் அடியில் கத்தி உடைந்தது. அடுத்த கத்தியில் கல் பிளந்தது. நகைக்கு ஆகும் வைரங்களில் உலகத்திலேயே பெரியதை எஃகுக் கத்தி பிளந்திருக்கிறது. உங்கள் முக்கால் காரட் எம்மாத்திரம்?

அதில் வந்த கற்களில் இரண்டுதான் அந்த புரூச். மேலே 63.6 காரட் சதுரக் கல், அதிலிருந்து தொங்கும் 94.4 காரட் துளிக் கல். கல் மட்டுமே ஏறக்குறைய நாலு பவுன் எடை. பாட்டி மேரி ராணியிடமிருந்து வந்ததால் அதற்கு ‘பாட்டியின் சில்லுகள்’ என்று செல்லப்பெயர். (எங்கள் பட்டறையில் சில்லு என்ற வார்த்தையை யாரும் செல்லமாகச் சொல்வதில்லை.) எலிசபெத் அதை அணிந்த தடவைகள் வெகு குறைவு. 2012இல், ஆட்சியின் அறுபதாம் ஆண்டு வைர விழாவில், லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துக்கு அணிந்து வந்தார். அவ்வளவு எடை, கீழே தொங்கும் கூர் முனை. வேறு காரணம் இருக்கலாம், ஆனால் கல் கட்டுகிறவன் கண்ணுக்கு, அதை அரிதாக அணிந்தது நல்ல முடிவு.

நீங்களும் அரிதாகத்தான் போடுகிறீர்கள், சரி. ஆனால் போடும் அன்றைக்கு முதல் நாள் யாராவது அதைப் பார்த்தீர்களா? கல்லைக் காதருகே வைத்து மெதுவாக ஆட்டுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் பிடி தளர்ந்திருக்கிறது, போடாதீர்கள். துளிக் கல்லின் முனைக்கு வி வடிவக் காப்பு இல்லாவிட்டால் ஒன்று வைத்துத் தரச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. பட்டுப் புடவையில் ஊக்கு வைத்துக் குத்தவே குத்தாதீர்கள். பூட்டுள்ள கொக்கி வேண்டும். இரண்டு வைர நகைகளை ஒரே டப்பாவில் போடாதீர்கள், வைரத்தைக் கீறுவது இன்னொரு வைரம்தான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். விழுந்துவிட்டால் சண்டைக்குப் போவதற்கு முன் தரையைத் தேடுங்கள். அந்த அம்மாவின் பேரன் ஈரத்துணியால் ஒற்றி, எள்ளு அளவு துணுக்கை எடுத்து வைத்திருந்தான். அதை ஒட்ட முடியாது. ஆனால் எந்தத் திசையில் பிளந்தது என்று அதை வைத்துப் பார்த்துத்தான், முனையை எங்கே திரும்பத் தீட்டுவது என்று குறித்திருக்கிறேன்.