விடியற்காலைச் சூறைக்காற்று எப்படி உருவாகிறது?

"சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வருகின்றன. இங்கு வானிலைக்கும் பருவநிலைக்கும் என்ன வேறுபாடு இருக்க முடியும்?" என்று உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார். கோடைக்காலம், குளிர்காலம் என்ற பிரிவே இல்லாத ஊரில் இப்படிக் கேட்கத் தோன்றுவது இயல்பே.

இன்று பிற்பகல் ஜூரோங்கில் இடி இடித்தால் அது வானிலை. வழக்கமாக 30 ஆண்டுப் பதிவுகளைத் திரட்டி, ஓரிடத்தில் எது எப்போது நிகழக்கூடும் என்று கணிப்பது பருவநிலை. 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி இங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆனால், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 150 கிலோமீட்டரில் இருக்கும் இத்தீவை அந்த ஓர் எண்ணால் அறிந்துகொள்ள இயலாது. மழை எந்த மாதத்தில், எந்த வேளையில், எத்திசையிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னரோ காலைப்பொழுதிலோ மேற்கிலிருந்து வந்து தாக்கும் சுமத்ரா சூறைக்காற்று இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.

இரவில் நிலம் விரைவாகக் குளிர்கிறது. கடல் அவ்வாறு குளிர்வதில்லை. சுமத்ராவிலிருந்தும் மலாயத் தீபகற்பத்திலிருந்தும் வீசும் நிலக்காற்றுகள் மலாக்கா நீரிணைக்கு மேலே எதிரெதிராகச் சந்திக்கும்போது, அங்குள்ள ஈரமான வெப்பக் காற்று மேலே தள்ளப்பட்டு, இடிமேகங்கள் திரள்கின்றன. இதுவரை பள்ளிப் பாடத்தில் உள்ளதுதான். அந்த மேகங்கள் அங்கேயே பெய்து ஓய்ந்துவிடாமல், நீண்ட வரிசையாக நம்மை நோக்கி நகர்வது எப்படி என்பதில்தான் இயற்கையின் நுட்பம் இருக்கிறது.

மேகத்திலிருந்து விழும் துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,450 ஜூல் வெப்பம் வேண்டும். சுற்றியுள்ள காற்றே அதைக் கொடுத்தாக வேண்டும். ஒரு கிலோகிராம் காற்றுக்குள், அதாவது ஒரு கனமீட்டருக்கும் சற்றுக் குறைவான காற்றுக்குள், ஒரே ஒரு கிராம் நீர் ஆவியானால், அக்காற்று சுமார் 2.4 டிகிரி செல்சியஸ் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. அது கீழே இறங்கிக் கடற்பரப்பை ஒட்டிப் பரவுகிறது. பரவும்போது அதன் முன்விளிம்பு, எதிரே இருக்கும் வெப்பமான ஈரக்காற்றின் அடியில் ஆப்பைப் போல நுழைந்து அதை மேலே தூக்குகிறது. அங்கே புதிய மேகம் பிறக்க, பின்னால் உள்ள பழைய மேகம் கரைகிறது. புதிய மேகமும் மழை பொழிந்து, குளிர்காற்றுக்கு மேலும் வலுவூட்டுகிறது. தன் மழையைக் கொண்டே அடுத்த மழையை உருவாக்கிக்கொண்டு, மேலடுக்குக் காற்றின் போக்கில் அந்த மேக வரிசை கிழக்கே நகர்ந்து வருவதை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் இரவே மூங்கில் கழிகளில் துணி காயப்போடுவோர் முதல், பாரந்தூக்கிகளை இயக்குவோர், காலையில் திடலில் விளையாடும் மாணவர்கள் வரை அனைவரின் அன்றாடத்தையும் இந்தச் சூறைக்காற்று தொடுகிறது. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் சிராங்கூன் சாலைக் கடைக்காரர்கள் அஞ்சுவது வேறொரு மழையை: பகலில் சூடேறிய நிலமும் கடற்காற்றும் சேர்ந்து உருவாக்கும் பிற்பகல் இடிமழையை.

வானிலை அறிவியலின் பெரும்பகுதி, காற்றழுத்த வேறுபாடுகள் பெரிதாக இருக்கும் மிதவெப்ப நாடுகளில் வளர்ந்தது. அழுத்த வேறுபாடு மிகச் சிறிதாகவே இருக்கும் நம் வட்டாரத்துக்கு அந்த முறைகள் போதுமானவை அல்ல. 2013இல் சிங்கப்பூர்ப் பருவநிலை ஆய்வு நிலையம் அமைக்கப்பட்டது நல்ல தொடக்கம். ஒரு சராசரியைக் கணிக்கவே முப்பது ஆண்டுகள் அளந்தாக வேண்டிய துறைக்கு, மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று துண்டு துண்டாக நிதி ஒதுக்குவது எவ்வகையிலும் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

சூறைக்காற்றின் வருகையை மாணவர்கள் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். பல கைப்பேசிகளில் காற்றழுத்தமானி இருக்கிறது. வானிலை ஆய்வகத்தின் ராடார் படத்தில் மேற்கே மழைக்கோடு தெரியும் காலையில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைக் குறித்துவர வேண்டும். கனமான குளிர்காற்று வந்து சேரும்போது, காற்று திசைமாறி வீசும். வெப்பநிலை சட்டெனக் குறையும். அழுத்தமோ ஓரிரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரை உயரக்கூடும். பெருமழை தொடங்குவதற்குச் சற்று முன்பே இம்மாற்றங்கள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.