ரோடு பைக் வாங்கப் போறீங்களா, உயரத்த மட்டும் சொல்லிட்டு வாங்கிடாதீங்க

ரோடு பைக், அதாவது ஹேண்டில்பார் கீழ வளைஞ்சிருக்கற வேகமான சைக்கிள், வாங்கப் போனா கடைல கேக்கற மொத கேள்வியே "உங்க ஹைட் என்ன சார்?"தான். அஞ்சடி ஏழு இஞ்ச்னு சொன்னா சார்ட்டப் பாத்துட்டு ஃபிரேம் சைஸ் 54னு சொல்லுவாங்க, 54 ஸ்டாக்ல இல்லன்னா "56 இருக்கு சார், சீட்ட கொஞ்சம் எறக்கிக்கலாம், ஒரு பிரச்சினையும் வராது"ன்னு சொல்லி பில் போட்டுடுவாங்க. நான் சென்னைல ஃபிசியோதெரபிஸ்ட், கூடவே பைக் ஃபிட்டிங்கும், அதாவது ஒடம்புக்குத் தக்க மாதிரி சைக்கிள செட் பண்றதும், பண்றேன். சுண்டு விரல் மரத்துப் போகுது, கழுத்து புடிச்சுக்குது, முட்டி முன்பக்கம் வலிக்குதுன்னு வர்ற சைக்கிள்காரங்கள நிறைய பாக்கறேன், அதுல பல பேருக்கு ஒடம்புல பெருசா எந்தக் கோளாறும் இருக்காது, கொண்டு வந்த சைக்கிள ட்ரெய்னர்ல, அதாவது நின்ன எடத்துலயே மிதிக்கற ஸ்டாண்ட்ல, மாட்டி ஏத்தி உக்கார வெச்ச உடனே விஷயம் தெரிஞ்சிடும், ஃபிரேம் சைஸே தப்பு.

உயரம்ங்கறது காலு, முதுகு, கழுத்து, தலை எல்லாத்தையும் சேத்துக் கூட்டின ஒரு நம்பர். சைக்கிளுக்கு அந்தக் கூட்டுத்தொகையால பிரயோஜனம் கம்மி. கால் எவ்ளோ நீளம், இடுப்புலேர்ந்து தோள் வரைக்கும் எவ்ளோ, கை எவ்ளோ, முதுகு எவ்ளோ வளையும், இது நாலும்தான் அதுக்கு வேணும். ஒரே ஆபிஸ்ல வேலை பாக்கற ரெண்டு ஃபிரெண்ட்ஸ் ஒருதடவ சேந்து வந்தாங்க, ரெண்டு பேருமே கரெக்டா 170 சென்டிமீட்டர், பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சா தலை ஒரே லெவல்ல இருக்கு. செவுத்தோரமா நிக்க வெச்சு இன்சீம், அதாவது கால் இடுக்குலேர்ந்து தரை வரைக்குமான அளவு, எடுத்தா ஒருத்தருக்கு 81, இன்னொருத்தருக்கு 76. அஞ்சு சென்டிமீட்டர் வித்தியாசம்! இந்த ரெண்டு பேருக்கும் ஒரே சார்ட், ஒரே சைஸ்னா அதுல ஒருத்தராவது கஷ்டப்படத்தான் செய்வார்.

இன்சீம் எடுக்கறது ரொம்ப சுலபம், ஆனா பேண்ட் சைஸ வெச்சு சொல்லாதீங்க, பேண்ட் அளவு நெசமான அளவவிட எப்பவும் கம்மியாத்தான் வரும். செருப்பக் கழட்டிட்டு முதுகு செவுத்துல ஒட்டற மாதிரி நில்லுங்க, பாதம் ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி, ஒரு கெட்டி அட்டை புக்க கால் நடுவுல வெச்சு அதோட ஒரு ஓரம் செவுத்துல பதியற மாதிரி நல்லா மேல அழுத்துங்க, சீட்ல உக்காந்தா எலும்புல எவ்ளோ அழுத்தம் இருக்குமோ அந்த அளவுக்கு, லேசா வெச்சா ரெண்டு சென்டிமீட்டர் வரைக்கும் தப்பு வரும். புக்கோட மேல் ஓரத்துல இன்னொருத்தர விட்டு பென்சில் கோடு போடச் சொல்லி தரைலேர்ந்து அளங்க, மூணு தடவ எடுத்து சராசரி பாத்துக்கோங்க.

அந்த அளவ 0.883-ஆல பெருக்குனா வர்றது சீட் உயரம், பாட்டம் பிராக்கெட்டோட (பெடல் கை ரெண்டும் சுத்தற அச்சு இருக்கற எடம்) நடு மையத்துலேர்ந்து சீட் மேல்பக்கம் வரைக்கும். இது 1980-கள்ல பிரெஞ்சு கோச் சிரில் கிமார், அவர் டீம்ல இருந்த ரேஸர் கிரெக் லெமாண்ட் இவங்க மூலமா பிரபலமான கணக்கு, அப்போ இருந்த பெடலும் ஷூவும் வேற, இப்ப இருக்கற, ஷூ அடில மாட்டிக்கற கிளிப்லெஸ் பெடலுக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர் கொறைச்சு ஆரம்பிக்கலாம். நம்ம ரெண்டு ஃபிரெண்ட்ஸுக்குப் போட்டுப் பாருங்க, 81-க்கு 71.5 சென்டிமீட்டர், 76-க்கு 67.1. ஒரே உயரம், சீட் மட்டும் நாலு சென்டிமீட்டருக்கு மேல ஏறி எறங்குது. இதுவும் ஆரம்பப் புள்ளிதான், பெடல் கீழ இருக்கும்போது முட்டி 25 லேர்ந்து 35 டிகிரிக்குள்ள மடங்கியிருக்கான்னு பாத்துத்தான் நான் முடிவு பண்ணுவேன்.

சீட் உயரம் சரியாயிடுச்சுன்னா சைஸ் சரின்னு அர்த்தம் இல்ல, பெரும்பாலானவங்க ஏமாறறது இங்கதான். சீட் போஸ்ட்ட (சீட்டத் தாங்கற குழாய்) ஓரளவு ஏத்தலாம் எறக்கலாம், ஃபிரேமோட நீளத்த ஒண்ணும் பண்ண முடியாது. ரெடிமேட் சட்டைல கை நீளமா இருந்தா டெய்லர் மடிச்சுத் தெச்சுக் கொடுத்துடுவார், தோள் அகலம் தப்புன்னா அந்தச் சட்டைய என்ன பண்ணாலும் தொங்கத்தான் செய்யும், ஃபிரேம் நீளம் அந்தத் தோள் மாதிரி.

54, 56ங்கற இந்த நம்பரே பழைய காலத்து மிச்சம். அப்பல்லாம் மேல் டியூப் தரைக்கு இணையா நேரா இருக்கும், சீட்டுக்குக் கீழ போற சீட் டியூப் எத்தன சென்டிமீட்டரோ அதுதான் சைஸ், எல்லா கம்பெனிக்கும் கிட்டத்தட்ட பொருந்தும். 1990-களோட கடைசில ஜெயன்ட் கம்பெனி, மைக் பரோஸ் டிசைன் பண்ண டிசிஆர் ஃபிரேம்ல மேல் டியூப்ப பின்பக்கம் சரிச்சுக் கொண்டு வந்தாங்க, ஸ்மால் மீடியம் லார்ஜ்னு சைஸ் கொடுத்தாங்க, அப்புறம் மத்தவங்களும் அதே வழிக்கு வந்துட்டாங்க. இன்னிக்கு 54னு ஒட்டியிருக்கற ஃபிரேம்ல எங்க அளந்தாலும் 54 சென்டிமீட்டர் வராமப் போகலாம், ஒரு பிராண்டோட 54 இன்னொரு பிராண்டோட 52 மாதிரி இருக்கலாம். அதனால ஸ்டிக்கர நம்பாதீங்க, கம்பெனி வெப்சைட்ல ஜியாமெட்ரி சார்ட் இருக்கும், அதுல ரெண்டே ரெண்டு வரி பாருங்க, ஸ்டாக் (stack), ரீச் (reach). பாட்டம் பிராக்கெட் மையத்துலேர்ந்து ஹெட் டியூபோட (ஃபிரேம் முன்னாடி ஹேண்டில்பாருக்குக் கீழ இருக்கற குழாய்) உச்சி வரைக்கும் நேர் மேல எவ்ளோ உயரம்ங்கறது ஸ்டாக், அதே மையத்துலேர்ந்து அந்த உச்சி எவ்ளோ தூரம் முன்னாடி இருக்குங்கறது ரீச்.

ரீச்ச மட்டும் தனியா பாக்கக் கூடாது, இத ஃபிட்டிங் தெரிஞ்சவங்களே சில சமயம் விட்டுடறாங்க. ஹெட் டியூப் பின்பக்கமா சாஞ்சு இருக்குல்ல, 73 டிகிரி பக்கம் இருக்கும், அதனால ஹேண்டில்பார 10 மில்லிமீட்டர் ஏத்துனா அது 3 மில்லிமீட்டர் பின்னாடியும் வந்துடும். ஒரு ரேஸ் ஃபிரேம் 54 எடுத்துக்கோங்க, ரீச் 384, ஸ்டாக் 544. நெடுந்தூரம் சொகுசா ஓட்டறதுக்கான ஒரு எண்டூரன்ஸ் ஃபிரேம் 54, ரீச் 374, ஸ்டாக் 575. பாத்த உடனே எண்டூரன்ஸ் 10 மில்லிமீட்டர் கிட்டன்னு தோணும். ஆனா ரேஸ் ஃபிரேம்ல அந்த 31 மில்லிமீட்டர ஸ்பேசர் (ஹேண்டில்பாருக்குக் கீழ அடுக்கற வளையம்) போட்டு ஏத்தினீங்கன்னா ரீச் 9 மில்லிமீட்டர் கொறைஞ்சு ரெண்டும் ஒண்ணாயிடும். உங்க முதுகுக்கு அந்த உயரம் தேவைன்னா ஒரு ஃபிரேம்ல அது தானாவே இருக்கு, இன்னொண்ணுல ஸ்பேசர அடுக்கணும், கார்பன் ஃபோர்க்ல அடுக்கறதுக்கும் கம்பெனி ஒரு எல்லை போட்டிருப்பாங்க, பல மாடல்ல 30, 40 மில்லிமீட்டரோட நின்னுடும்.

இதே கணக்க சைஸ் மாத்தும்போதும் போட்டுப் பாருங்க. அந்த ரேஸ் மாடல்லயே 52-க்கு ரீச் 380, ஸ்டாக் 527, 56-க்கு ரீச் 395, ஸ்டாக் 565. சார்ட்ல ரீச் வித்தியாசம் 15தான், அதே உயரத்துல ஹேண்டில்பார வெச்சா 27 மில்லிமீட்டர் பக்கம் வந்துடுது. மூணு சென்டிமீட்டர் கிட்ட எட்டிப் புடிக்கறது கடைக்குள்ள அஞ்சு நிமிஷத்துல தெரியாது, ஈசிஆர்ல மகாபலிபுரம் போயிட்டு எதிர்க்காத்துல திரும்பி வரும்போது தெரியும்.

81 இன்சீம் உள்ள அந்த ஃபிரெண்ட் வாங்கினது 56. கால் நீளம்ங்கறதால சீட் உயரம் பாக்க அழகா உக்காந்துடுச்சு, கடைக்காரருக்கும் சந்தேகமே வரல. முதுகு சின்னதுங்கறதால ஹேண்டில்பார் எட்டல, ஸ்டெம்ம, அதாவது ஹேண்டில்பார ஃபிரேம் பக்கம் சேக்கற துண்ட, 100 மில்லிமீட்டர்லேர்ந்து 70-க்கு மாத்தியிருந்தார், அப்பவும் எட்டாம சீட்ட அதோட அடில இருக்கற ரெயில் கம்பில கடைசி வரைக்கும் முன்னாடி தள்ளியிருந்தார். நான் பாக்கும்போது அவர் சீட்டோட மூக்குல உக்காந்திருக்கார், முழங்கை ரெண்டும் கம்பு மாதிரி நேரா லாக் ஆகி இருக்கு, ஹூட்ஸ (பிரேக் லீவரோட மேல் ரப்பர் புடி) முழுசா புடிக்காம பின்னாடி வளைவுலதான் உள்ளங்கைய வெச்சிருக்கார், அந்த எடத்துல கிளவ்ஸ் மட்டும் தேஞ்சு பளபளன்னு இருந்துது. மணிக்கட்டுல சுண்டு விரல் பக்கமாத்தான் அல்நார் நரம்பு போகுது, ஒடம்பு வெயிட்டு மொத்தமும் அதுமேல எறங்கினா சுண்டு விரலும் மோதிர விரல்ல பாதியும் மரத்துப் போகத்தான் செய்யும். சீட்ட முன்னாடி தள்ளினதால முட்டி பெடலத் தாண்டி வந்து முன்பக்க வலி வேற. ஜெல் கிளவ்ஸ், ரெட்டை பார் டேப்னு அவர் செலவு பண்ணாத எடமே இல்ல. கடைசில அந்த ஃபிரேம வித்துட்டு எண்டூரன்ஸ் வகைல 52 எடுத்தார், 90 ஸ்டெம், சீட் ரெயில்ல நடுவுல. முட்டி வலி சீக்கிரம் போச்சு, விரல் மரத்துப் போறது கொறைய இன்னும் பல வாரம் ஆச்சு, நரம்பு அப்படித்தான், மெதுவாத்தான் திரும்பி வரும்.

இத ஒண்ணு சொல்லிடறேன், சைக்கிள விட்டு எறங்கி ரெண்டு நாள் ஆகியும் விரல் மரத்தே இருந்தாலோ, சாவி திருப்பவோ சட்டை பட்டன் போடவோ கஷ்டமா இருந்தாலோ, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற சதை வத்தின மாதிரி தெரிஞ்சாலோ ஃபிட்டிங் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட போங்க, ஓட்டறதயும் நிறுத்துங்க.

முதுகு விஷயத்துக்கு வர்றேன். நாள் முழுக்க சேர்ல உக்காந்து வேலை பாக்கறவங்களுக்கு தொடைப் பின்சதை இறுகிப் போயிருக்கும். முட்டிய மடக்காம தரைல உக்காந்து கால் விரலத் தொட முடியுதான்னு பாருங்க, கணுக்காலுக்குக் கூட கை போகலன்னா டிவில பாக்கற ரேஸ்காரங்க மாதிரி ஹேண்டில்பார் பத்து சென்டிமீட்டர் கீழ இருக்கற ஃபிரேம் உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். சீட்டுக்கு சமமா, இல்ல ரெண்டு மூணு சென்டிமீட்டர் கீழ இருந்தா போதும், பிஆர்எம் 200ங்கற 200 கிலோமீட்டர் நெடுந்தூர ரைடு ஓட்டறவங்களுக்கும் இதையேதான் சொல்றேன், பதிமூணரை மணி நேரம் டைம் இருக்கு, அவ்ளோ நேரம் கழுத்து தாங்கணும்.

ரெண்டு சைஸுக்கு நடுவுல மாட்டினா எது எடுக்கறதுன்னு எல்லாரும் கேக்கறாங்க. என் அபிப்பிராயம் பொதுவா சின்னதுதான். சின்ன ஃபிரேம்ல சீட் போஸ்ட்ட ஏத்தி ஸ்டெம்ம 10, 20 மில்லிமீட்டர் நீளமாக்கிடலாம், பெரிய ஃபிரேம சின்னதாக்க வழியே இல்ல, ஸ்டெம்ம ரொம்ப கொறைச்சா ஹேண்டில் படபடன்னு திரும்ப ஆரம்பிச்சுடும். ஆனா கால் நீளமா முதுகு இறுக்கமா உள்ளவங்க சின்ன ரேஸ் ஃபிரேம் எடுத்தா சீட் எங்கயோ மேல, ஹேண்டில்பார் எங்கயோ கீழன்னு ஆயிடும், அவங்க சைஸ மாத்தறதவிட எண்டூரன்ஸ் மாடலுக்கு மாறறது நல்லது.

உயரம் கம்மியானவங்க நெலமதான் ரொம்ப பாவம், முக்கியமா பெண்கள். அஞ்சடி ரெண்டு இஞ்ச் இருக்கறவங்களுக்கு 48, இல்ல அதுக்கும் கீழ வேணும், கடைல இருக்கறது 52, "ஆர்டர் போட்டா ரெண்டு மாசம் ஆகும் மேடம்"ன்னு சொல்லி 52-வே கொடுத்துடறாங்க. காத்திருங்க, ரெண்டு மாசம் ஒண்ணும் பெருசில்ல. சின்ன ஃபிரேம்ல வழக்கமான 700சி வீல் போட்டா கிராங்க் (பெடல் மாட்டற கை) முன்னாடி இருக்கும்போது ஷூ நுனி முன் வீல்ல தட்டலாம், கடைலயே ஒரு கால முன்னாடி நேரா நீட்டி வெச்சு ஹேண்டில திருப்பிப் பாத்துடுங்க, மெதுவா யூ டர்ன் அடிக்கும்போது இதனால விழுந்தவங்க இருக்காங்க. சில கம்பெனிங்க ரொம்ப சின்ன சைஸ்ல அதவிட சின்ன 650பி வீல் போடறது இதுக்காகத்தான். கிராங்க் 172.5 மில்லிமீட்டர் இருந்தா 165-க்கு மாத்தித் தரச் சொல்லுங்க, நீளமான கிராங்க்ல முட்டி மேல வரும்போது ரொம்ப மடங்கும், டூர் டி ஃபிரான்ஸ் ஜெயிச்ச டாடேஜ் போகாச்சர் மாதிரி ஆளே 165-க்கு வந்துட்டார், பவர் போயிடும்ங்கற பயம் தேவையில்ல. ஹேண்டில்பார் அகலம் தோள் அகலத்துக்கு இருக்கணும், 42 சென்டிமீட்டர் வந்தா 38-ஓ 36-ஓ கேளுங்க. பிரேக் லீவர் விரலுக்கு எட்டலன்னா பயந்துக்கிட்டே ஓட்டாதீங்க, ஷிமானோ லீவர்ல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கு, திருகினா லீவர் கிட்ட வந்துடும், இத டெலிவரி அன்னிக்கே மெக்கானிக் பண்ணித் தரணும், கேட்டு வாங்குங்க.

டெஸ்ட் ரைடு இல்லாம காசு கட்டாதீங்க. தெரு முனை வரைக்கும் போயிட்டு வர்றது போதாது, சீட் உயரத்த உங்க கணக்குப்படி வெக்கச் சொல்லிட்டு கால் மணி நேரமாவது ஹூட்ஸ்ல கை வெச்சு ஓட்டுங்க. முழங்கை லேசா மடங்கி இருக்கணும், நீங்க அறியாம சீட்ல முன்னாடி நகந்துக்கிட்டே இருந்தா ஃபிரேம் நீளம், முட்டி முழங்கைய இடிக்கற மாதிரி இருந்தா சின்னது. கடைல ட்ரெய்னர் இருந்தா ஏறி நல்லா மிதிச்சுக்கிட்டே ரெண்டு கையையும் ஹூட்ஸ்லேர்ந்து ஒரு இஞ்ச் தூக்கிப் பாருங்க, அப்படியே முன்னாடி சரிஞ்சு விழற மாதிரி இருந்தா வெயிட்டு கைமேலதான் இருக்குன்னு அர்த்தம், சீட்ட சரி பண்ணியும் அது போகலன்னா வேற சைஸ் கேளுங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க இன்னும் ரெண்டு எடத்த பாக்கணும். ஃபோர்க்கோட (முன் வீலத் தாங்கற கவை) மேல் குழாயான ஸ்டீரர் டியூப்ப பழைய ஓனர் தன்னோட ஃபிட்டுக்கு வெட்டியிருப்பார், ஸ்டெம்முக்கு மேலயும் கீழயும் ஸ்பேசரே இல்லன்னா அந்த ஹேண்டில்பார ஸ்பேசர் போட்டு ஏத்த முடியாது, மேல் பக்கம் வளைஞ்ச ஸ்டெம் போட்டா கொஞ்சம் கெடைக்கும், அவ்ளோதான். சீட் போஸ்ட்ட வெளிய உருவிப் பாருங்க, கொறைஞ்சது இவ்ளோ ஃபிரேமுக்குள்ள இருக்கணும்னு மினிமம் கோடு போட்டிருக்கும், உங்க சீட் உயரத்துக்கு வெச்சா அந்தக் கோடு வெளிய தெரியுதுன்னா நீள போஸ்ட்டுக்கான காச வெலைல கொறைக்கச் சொல்லுங்க, போஸ்ட் உருவ வராம ஃபிரேமோட ஒட்டிப் போயிருந்தா வேற வண்டி பாருங்க.