வெயில் ஏறினால் குளோரின் என்ன ஆகிறது?

மே மாதம், மதியம் இரண்டு மணி. மொட்டை மாடித் தொட்டியில் கை வைத்தால் சுடுகிறது. குழாயைத் திறந்தால் வெந்நீர்தான். காலையில் சம்ப்பில் மெட்ரோ வாட்டர் விழுந்தபோது மூக்கில் ஏறிய குளோரின் வாசனை இப்போது துளிகூட இல்லை.

குளோரின் தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. கிருமியைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். பாக்டீரியாவின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை இருக்கிறது. இந்த அமில மூலக்கூறுக்கோ மின்சுமையே கிடையாது. அதனால் எளிதாக உள்ளே புகுந்து நொதிகளைச் சிதைத்துவிடுகிறது.

இதுவும் ஒரு வேதிவினைதான், சூடு ஏற ஏற வேகம் கூடும். 1908-இல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக் இதை ஆராய்ந்தார். கிருமிகள் ஒரே நேரத்தில் மொத்தமாகச் சாவதில்லை. ஒவ்வொரு நிமிடமும் மிச்சமிருப்பதில் குறிப்பிட்ட பங்கு சாகிறது என்று காட்டினார். சூடு கூடினால் அந்தப் பங்கு கூடுகிறது.

எவ்வளவு கூடுகிறது? குளோரின் அளவை நேரத்தால் பெருக்கி வரும் எண்ணை வைத்துத்தான் சுத்திகரிப்பு நிலையங்களில் கணக்குப் போடுகிறார்கள். குளோரினுக்கு எளிதில் மசியாத ஜியார்டியா ஒட்டுண்ணியை எடுத்துக்கொள்வோம். 1000-இல் 999-ஐ அழிக்க, லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரினும் 7 பிஎச்சும் (அமில-காரத் தன்மையின் அளவு) இருக்கும் நீரில், அமெரிக்க அட்டவணைப்படி 5 டிகிரியில் சுமார் 149 நிமிடம் வேண்டும். 15 டிகிரியில் 75, 25 டிகிரியில் 37. பத்து டிகிரிக்குப் பாதி நேரம்! பாக்டீரியாக்கள் இதைவிட மிக விரைவில் மடிந்துவிடும். மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் சென்னைக்கு, அந்த மட்டில் நிம்மதிதான்.

ஆனால் அதே சூடு குளோரினையும் சீக்கிரம் தீர்த்துவிடுகிறது. தண்ணீரில் உள்ள கரிமப் பொருள், அம்மோனியா, குழாயின் உட்சுவர்ப் படிவு எல்லாமே அதை வேகமாகத் தின்கின்றன. திறந்த தொட்டியில் காற்றோடு போவதும், வெயில் பட்டுச் சிதைவதும் தனி. இந்தியத் தரநிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து சரியாகக் கிளம்பிய நீர், நம் தொட்டியில் இரண்டு நாள் வெந்த பிறகு அதை இழந்திருக்கலாம். அப்போது அந்த வெதுவெதுப்பு கிருமி பெருகத் தோதாகிவிடும். இதுதான் எனக்குப் பெரிய கவலை.

அதனால் மேல்தொட்டிக்கு மூடியும் நிழலும் வேண்டும், தண்ணீர் நாள்கணக்கில் தேங்கக்கூடாது. சம்ப்பில் போட வாங்கிய பிளீச்சிங் பவுடரையும் வெயில் படும் அலமாரியில் பிரித்து வைக்காதீர்கள். அதன் வீரியமும் சூட்டில் இறங்கும். அப்புறம், குளோரின் இருக்கிறதா என்று சோதிக்க உதவும் டிபிடி (DPD) மாத்திரை ஒன்றைக் கொஞ்சம் குழாய்த் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக மாறினால் குளோரின் இருக்கிறது. நிறமே வரவில்லையென்றால், குடிப்பதற்கு முன் காய்ச்சிக்கொள்ளுங்கள்.